ஏஸ் ஜோடி தோத்தா சைட் மேல பழி போடலாமா?

போன இதழ்ல ஆன்லைன் போக்கர் டோர்னமென்ட் பத்தி கேளுங்கன்னு ஒரு வரிதான் போட்டோம், மெயில் குவிஞ்சிடுச்சு. அதுல பாதிப் பேர் "ஏமாத்துறாங்களா?"ன்னுதான் கேட்டிருக்காங்க. அதனால அதுலேருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: அண்ணை, நான் மூண்டு மாசமா வேலை முடிஞ்சு வந்து இரவில டர்போ டோர்னமென்ட் விளையாடுறன், ஒவ்வொண்டிலயும் ஆயிரம் பேர் மட்டில வருவினம். 40 தரம் விளையாடியும் ஒருக்காக் கூட கடைசி மேசைக்குப் போகேல்லை. ஏஸ் ஜோடி வச்சிருந்தும் தோக்கிறன். சைட்டில ஏதும் சுத்துமாத்து நடக்குதோ?
– க.ர., ஸ்கார்பரோ

தம்பி, சைட்ட அப்புறம் பாப்போம், முதல்ல கணக்கு. கடைசி மேசையில 9 பேர் உக்காருவாங்க, வந்தது 1000 பேர், அப்ப சராசரியா ஆடுற ஒருத்தர் அங்க போய்ச் சேர ஒரு சதவீதம் கூட வாய்ப்பு இல்ல. அவரு 40 டோர்னமென்ட் ஆடி ஒரு தடவை கூட அந்த மேசையப் பாக்காமப் போக 70 சதவீதம் வாய்ப்பு இருக்கு. சரி, நீங்க சராசரி இல்ல, மத்தவங்கள விட ரெண்டு மடங்கு அடிக்கடி கடைசி மேசைக்குப் போற ஆளுன்னே வச்சுக்குவோம், அப்பவும் 48 சதவீதம். அதே கெட்டிக்காரர் 100 டோர்னமென்ட் ஆடினாலும் ஆறு பேர்ல ஒருத்தர் வெறுங்கையோடதான் எழுந்திருப்பார். இதத்தான் வேரியன்ஸ்ங்கிறாங்க. 40 ஆட்டத்த வச்சு நீங்க நல்லா ஆடுறீங்களா மோசமா ஆடுறீங்களான்னு யாராலயும் சொல்ல முடியாது, சைட்ட பத்தியும் ஒண்ணும் சொல்ல முடியாது.

ஏஸ் ஜோடிக்கு வருவோம். எதிர்ல கிங் ஜோடியே இருந்தாலும் ஏஸ் ஜோடி 100-க்கு 82 தடவை ஜெயிக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா டர்போவுல பிளைண்ட் (கார்டு வர்றதுக்கு முன்னாடியே கட்டாயமா வைக்கிற சிப்ஸ்) ஏறுற வேகத்துக்கு திரும்பத் திரும்ப ஆல்-இன் (கையில இருக்குற சிப்ஸ் எல்லாத்தையும் வைக்கிறது) போயே ஆகணும். நாலு தடவை ஆல்-இன் போறீங்க, நாலு தடவையும் உங்ககிட்ட ஏஸ் ஜோடி, எதிராளிகிட்ட கிங் ஜோடி (இப்படி ஒரு யோகம் எனக்கு இன்னிக்கு வரைக்கும் வந்ததில்ல), அப்பக்கூட நாலையும் ஜெயிக்கிற வாய்ப்பு 45 சதவீதம்தான்.

நானும் ஒரு காலத்துல ஏஸ் ஜோடி தோத்த ஒவ்வொரு தடவையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபோல்டர்ல சேத்து வச்சவன்தான், ஜெயிச்சத ஒண்ணு கூட எடுக்கல, அது ரொம்ப நாள் கழிச்சுதான் உறைச்சுது.

கேள்வி: நல்ல கார்டு வர்ற வரைக்கும் பொறுமையா இருன்னு சொல்றாங்க, நானும் இருக்கேன், ஆனா அதுக்குள்ள பிளைண்டே என் சிப்ஸத் தின்னு முடிச்சிடுது. என்ன பண்றது சார்?
– சு.ம., கோவென்ட்ரி

அந்தப் பொறுமை மெதுவா நடக்குற ஆட்டத்துக்குச் சொன்னதும்மா. ஏஸ் ஜோடி 221 தடவை கார்டு போட்டா ஒரு தடவை வரும், குயின், கிங், ஏஸ் மூணு ஜோடியையும் சேத்துக்கிட்டாலும் 74-க்கு ஒண்ணு. மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை பிளைண்ட் ஏறுற ஹைப்பர்ல ஒரு லெவலுக்கு நாலஞ்சு ஹேண்ட் பாத்தாலே பெருசு. காத்திருந்து என்ன ஆகப்போகுது?

உங்ககிட்ட 10 பிக் பிளைண்ட் அளவுக்கு சிப்ஸ் இருக்குன்னு வச்சுக்குவோம் (ரெண்டு பிளைண்ட்ல பெருசு பிக் பிளைண்ட், அதுல பாதி ஸ்மால் பிளைண்ட்). நடுவுல ஸ்மால் பிளைண்ட் அரை, பிக் பிளைண்ட் ஒண்ணு, ஆன்ட்டி (பிளைண்டுக்கு மேல கட்டாயமா வைக்கிறது) ஒண்ணு, மொத்தம் ரெண்டரை கிடக்கு. நீங்க ஆல்-இன் தள்ளி எல்லாரும் கார்ட போட்டுட்டாங்கன்னா ஒரு கார்டு கூட திறக்காம உங்க சிப்ஸ் 25 சதவீதம் ஏறிடும். ஒண்ணுமே ஆடாம ஒரு சுத்து உக்காந்திருந்தா அதே 25 சதவீதம் கரையும். அதனாலதான் பத்து, பன்னெண்டு பிக் பிளைண்டுக்குக் கீழ வந்துட்டா ஒண்ணு தள்ளு, இல்ல கார்ட வீசி ஃபோல்டு பண்ணுங்கிறாங்க. நடுவுல ரெண்டரைக்கு ரெய்ஸ் பண்ணி எவனாவது ஆல்-இன் போட்டதும் பயந்து கார்ட வீசினீங்கன்னா கால்வாசி சிப்ஸ சும்மா தானம் பண்ண மாதிரி. தள்ளுறத பட்டன்லேருந்தும் (டீலர் சீட்) ஸ்மால் பிளைண்ட்லேருந்தும் தாராளமா தள்ளுங்க, உங்களுக்குப் பின்னாடி ஒண்ணு ரெண்டு பேருதான் இருக்காங்க. முதல் சீட்ல உக்காந்துக்கிட்டு அதே தைரியம் வேணாம். இன்னொண்ணு, மூணு பிக் பிளைண்ட் ஆகுற வரைக்கும் இழுக்காதீங்க, அப்ப நீங்க தள்ளினா எவனும் பயப்பட மாட்டான், பிக் பிளைண்ட்ல இருக்குறவன் எத வச்சுக்கிட்டும் கால் பண்ணிடுவான் (அவனும் ஈடா சிப்ஸ் போட்டு எதிர்த்து நிப்பான்).

நீங்க கால் பண்ற பக்கம் இருந்தா கணக்கு வேற. ஸ்மால் பிளைண்ட்ல இருக்குறவன் 8 பிக் பிளைண்ட் தள்ளுறான், நீங்க பிக் பிளைண்ட்ல ஏற்கனவே ஒண்ணு போட்டாச்சு. இன்னும் 7 போட்டா நடுவுல இருக்குற 10 (அவன் 8, உங்க 1, ஆன்ட்டி 1) கிடைக்கும், அப்ப 41 சதவீதம் ஜெயிக்கிற கையா இருந்தாப் போதும். அவன் எத எல்லாம் வச்சு தள்ளுவான்னு யோசிச்சு இந்த நம்பரோட ஒப்பிடுங்க. மத்தபடி அவன் நிஜமாவே என்ன காட்டினான்ங்கிறதுல கத்துக்க ஒண்ணுமில்ல.

கேள்வி: மூணு பேர் மட்டும் ஆடுற, பரிசு எவ்வளவுன்னு சக்கரம் சுத்தி முடிவாகுற ஆட்டத்துல 500 ஆட்டம் முடிச்சுட்டேன், லாபத்துல இருக்கேன். வேலைய விட்டுடலாமா?
– பெயர் வேண்டாம், லண்டன்

விடாதீங்க. 10 பவுண்ட் ஆட்டம்னு வச்சுக்குவோம். மூணு பேர் 30 கட்டுறீங்க, சைட் தன் பங்க எடுத்தது போக சராசரியா 28 திரும்ப வருதுன்னா, ஜெயிக்கிறவனுக்கே எல்லாம்ங்கிற கணக்குல 35.7 சதவீதம் ஜெயிச்சாத்தான் போட்ட காசு திரும்பும். நல்லா ஆடி 38 சதவீதம் ஜெயிக்கிறீங்கன்னா ஆட்டத்துக்கு 64 பென்ஸ், 1000 ஆட்டத்துக்கு 640 பவுண்ட். ஆனா அந்த ஆயிரத்துல ஏத்த இறக்கத்தோட சராசரி அளவே 430 பவுண்ட் வரும், அதாவது இவ்வளவு நல்லா ஆடுறவங்கள்லயே பதினஞ்சு பேர்ல ஒருத்தர் ஆயிரம் ஆட்டம் முடிச்சும் நஷ்டத்துல நிப்பார். இது சக்கரத்த கணக்குல சேக்காம, எல்லா ஆட்டத்துக்கும் ஒரே பரிசுன்னு வச்சுச் சொன்னது. சராசரியில ஒரு பங்கு எப்பவாவது விழுற பெரிய பரிசுக்குள்ள ஒளிஞ்சிருக்கு, உங்களுக்கு அது விழலன்னா 28-ங்கிற நம்பரே உங்களுக்குப் பொருந்தாது. அந்த 500 ஆட்டத்துல பெரிய பரிசு ஏதாவது விழுந்துச்சான்னு பாருங்க, அத கழிச்சுட்டு திரும்ப லாபக் கணக்கு போட்டு எழுதுங்க.

கேள்வி: மதுரையிலேருந்து பணம் கட்டி ஆடலாமா?
– வாசகர் ஒருவர்

கூடாது. திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமாங்கிற வழக்கெல்லாம் பழைய கதை. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுன்னு 2023 நவம்பர்ல மெட்ராஸ் ஹைகோர்ட் சொன்னது உண்மைதான், ஆனா 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் நிறைவேத்தின சட்டம் அந்த வித்தியாசமே பாக்காம பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டம் எல்லாத்தையும் தடை பண்ணுது. டம்மி சிப்ஸ்ல ஆடிப் பழகலாம்.

கேள்வி: 2003-ல கிறிஸ் மனிமேக்கர் 86 டாலர் சாட்டிலைட்ல (பெரிய டோர்னமென்டுக்கு டிக்கெட் மட்டும் பரிசா தர்ற சின்ன ஆட்டம்) ஆரம்பிச்சு 25 லட்சம் டாலர் ஜெயிச்சாராமே. சாட்டிலைட்டுக்குன்னு தனி உத்தி ஏதாவது இருக்கா?
– த.செ., மிசிசாகா

இருக்கு, எல்லாரும் அங்கதான் சொதப்புறாங்க. மனிமேக்கர் போக்கர் உலக சீரிஸ் முக்கிய ஆட்டத்துல 839 பேர் ஆடினதுல ஜெயிச்சார், அவர மாதிரி சாட்டிலைட்ல தோத்தவங்க பேரு யாருக்கும் ஞாபகம் இருக்காது, அது கிடக்கட்டும்.

முதல்ல சாதாரண ஆட்டத்த எடுத்துக்குங்க. நாலு பேர் மிச்சம், எல்லார்கிட்டயும் ஒரே அளவு சிப்ஸ், பரிசு மூணு பேருக்கு 50, 30, 20 சதவீதம். உங்க சிப்ஸோட மதிப்பு இப்ப பரிசுல 25 சதவீதம். ஆல்-இன்ன கால் பண்ணி ஜெயிச்சா சிப்ஸ் ரெண்டு மடங்காகுது, மதிப்பு ஆகல, ஐசிஎம் (சிப்ஸ பரிசுப் பணமா மாத்திப் பாக்குற முறை) கணக்குப்படி 38.3 தான். பிளைண்ட விட்டுட்டுப் பாத்தா அந்தக் காலுக்கு 65 சதவீதம் ஜெயிக்கணும். எதிராளி கண்ண மூடிக்கிட்டு எந்த ரெண்டு கார்டு வேணாலும் வச்சு தள்ளுறான்னாக் கூட, சூட் சேராத ஏஸ்-கிங் கிட்டத்தட்ட அந்த 65-லதான் வந்து நிக்கும். உருப்படியான கார்டு வச்சு தள்ளுறவனா இருந்தா அதுவும் கிடையாது.

சாட்டிலைட்ல இது இன்னும் முத்திப் போகும். 10 டிக்கெட், 11 பேர் மிச்சம், நீங்க ரெண்டாவது இடம், மூலையில ஒருத்தர்கிட்ட அரை பிக் பிளைண்ட்தான் இருக்கு, அடுத்த ஹேண்ட்ல அவரு பிளைண்ட் போட்டே ஆகணும். இப்பப் பாத்து உங்களுக்கு ஏஸ் ஜோடி வருது, உங்கள விட அதிகமா வச்சிருக்குற ஒரே ஆள் ஆல்-இன் தள்ளுறார். முதல் டிக்கெட்டும் பத்தாவது டிக்கெட்டும் ஒரே விலைதான், ஃபோல்டு பண்ணுங்க.