மருது என்றாலும் கும்புக் என்றாலும்

கேள்வி: அக்கா, நான் நிலத்தோற்றக் கட்டடக்கலை படிக்கிறேன். கொழும்பில் ஒரு டிசைன் ஸ்டூடியோவில் ஆறு மாதப் பயிற்சி. இரண்டு மாதம் முடிந்துவிட்டது. இதுவரை செடிப் பட்டியல் போடுவதும், ஒட்டோகாட் என்ற வரைபட மென்பொருளில் மர வட்டங்களை அடுக்குவதும்தான் வேலை. டிசைன் பேசும்போது என்னைக் கூப்பிடுவதில்லை. சைட்டுக்குப் போனால் எல்லாரும் சிங்களத்தில் பேசுகிறார்கள், நான் வாய் திறப்பதில்லை. வேறு இடம் பார்க்கட்டுமா?
– வவுனியா மாணவி, வெள்ளவத்தை

பதில்: இப்போது மாற வேண்டாம், தங்கச்சி. மிச்சமிருக்கும் நாலு மாதத்தில் புது இடத்தில் போய் முதலிலிருந்து தொடங்குவீர்கள், அங்கேயும் பட்டியல்தான் முதலில் கையில் வரும்.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் மதித்துப் பாருங்கள். எத்தனை கன்று, என்ன உயரம், என்ன இடைவெளி என்று நீங்கள் எழுதுவதை வைத்துத்தான் நர்சரிக்கு ஓடர் போகிறது. அதில் டெர்மினேலியா அர்ஜுனா என்று தட்டச்சு செய்திருப்பீர்கள். அதுதான் சிங்களத்தில் கும்புக், நமக்கு மருது. வன்னியில் ஆற்றங்கரையிலும் குளத்தோரத்திலும் சின்ன வயதிலிருந்து பார்த்த மரம். கரையை வேரால் பிடித்துக்கொண்டு, கால் நனைந்தாலும் நிற்கும். தண்ணீர் தேங்கும் மூலைக்கு எதை நடலாம் என்று ஸ்டூடியோவில் பேச்சு வந்தால், உங்களுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. கூப்பிடாவிட்டாலும் சொல்லுங்கள்.

சிங்களத்தையும் அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்குங்கள். கொன்றைக்கு எஹெல, இலுப்பைக்கு மீ, வேம்புக்கு கொஹொம்ப. ஒவ்வொரு செடிக்கும் மூன்று பெயர் எழுதி வையுங்கள். சைட்டில் கன்று இறக்கும்போது பெயரைச் சொல்லிக் கேளுங்கள், மிச்சப் பேச்சை அவர்களே தொடருவார்கள்.

நானும் பயிற்சிக் காலத்தில் வாய் திறக்காமல்தான் நின்றேன். ஒரு முற்றத்துக்கு மட்ட வரைபடம் என் கையில் வந்தது. மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் சரிவு, அளவு சரி. தண்ணீர் ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறியை மட்டும் கட்டடத்தின் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டேன். கல் பதித்துக்கொண்டிருந்த மேசன் பாஸ் ஒன்றும் சொல்லாமல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார். அது நேரே வாசற்படிக்கு ஓடியது. "வத்துர", தண்ணீர் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பாதிதான் பதித்திருந்தார்கள், கழற்றிப் பதிக்க இரண்டு நாள் போனது. அவர் முதல் நாளே சந்தேகப்பட்டிருக்கிறார், நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அது இன்றைக்கும் எனக்கு வலிக்கும். அன்றிலிருந்து எந்த சைட்டிலும் வாளி கேட்டு வாங்கித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன்.

கொழும்பில் தண்ணீர்க் கணக்குத் தெரியாமல் இந்த வேலை செய்ய முடியாது. 1,000 சதுர மீட்டர் காணியில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 50,000 லீற்றர். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் அது புதிதில்லை. 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில ஒப்பந்தத்தின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. ஒரு ஞாயிறு காலை பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போய் மரப்பாலத்தில் மெதுவாக நடங்கள். தண்ணீர் ஏறி இறங்கும் கோட்டில் எந்தச் செடி நிற்கிறது, அதற்கு மேலே எது என்று குறுக்குவெட்டாக வரையுங்கள்.

அந்தத் தாளோடு திங்கட்கிழமை உங்கள் மேற்பார்வையாளரிடம் போங்கள். "டிசைன் வேலை தாங்க" என்று பொதுவாகக் கேட்டால் பிறகு பார்ப்போம் என்றுதான் சொல்வார். "அந்த நுழைவாயில் ஓரத்துப் பத்து மீட்டரை மட்டும் நான் வரையட்டுமா, வெள்ளிக்கிழமை காட்டுகிறேன்" என்று கேளுங்கள். கேட்டது பத்து மீட்டர் என்பதால் தருவதற்கு அவருக்கும் தயக்கம் இருக்காது. அப்புறம், அந்தப் பத்து மீட்டரில் கன்று நடும் நாளில் சைட்டில் நீங்கள் நிற்க வேண்டும், அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.