ஓமந்தையில் ஓமப்பொடி, முறிகண்டியில் கச்சான்

கேள்வி: அக்கா, மகனுக்கு அடுத்த மாதம் ஆறு வயது. ரயில் என்றால் உயிர், பிறந்தநாளுக்கும் ரயில் பார்ட்டிதான் வேண்டுமாம். யூடியூப்பில் பார்த்தால் எல்லாம் வெளிநாட்டுச் சாமான். கொழும்பில் விசாரித்தேன், அலங்காரத்துக்கு மட்டும் சொன்ன விலையில் தலை சுற்றிவிட்டது. 25 பிள்ளைகள் வருவார்கள். வீட்டிலேயே செய்ய முடியுமா?
(கிளிநொச்சி வாசகி)

பதில்: முடியும். அலங்காரக் கடைப் பக்கம் போகவே வேண்டாம், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் போகும் பாதையே போதும். வவுனியாவில் ஏறினால் வரும் நிலையங்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி. (தாண்டிக்குளமும் அறிவியல்நகரும் கோவிக்காமல் இருக்கட்டும்.) பாதிச் சாப்பாடு அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது. முற்றத்தில் ஐந்து இடத்தில் ஐந்து சின்ன மேசை வையுங்கள், மேசை இல்லாவிட்டால் கதிரை. ஓமந்தையில் ஓமப்பொடி. ஊருக்கு அந்தப் பெயர் ஓமத்தால் வந்ததா என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம், இது பிள்ளைகளின் விளையாட்டு. புளியங்குளத்தில் புளியைக் கரைத்து, வடித்து, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்ட குளிர்ந்த சாறு. மாங்குளத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்த் துண்டு, மாங்காய்க் காலம் இல்லாவிட்டால் மாம்பழ ஜூஸ். முறிகண்டியில் என்ன வைப்பது என்று நான் சொல்லத் தேவையில்லை, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கச்சான் வாங்காமல் பஸ் ஏறியவர் யார் இருக்கிறார்கள்? கடைசி நிலையம் கிளிநொச்சி, கேக் அங்கேதான்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரு ரிக்கெற் கொடுங்கள். நம் ரயில் நிலையங்களில் தரும் அந்தச் சின்னத் தடித்த அட்டை ரிக்கெற் தெரியும்தானே, அந்த அளவுக்கு சவர்க்காரப் பெட்டி அட்டையை வெட்டி, பிள்ளையின் பெயரையும் ‘வவுனியா – கிளிநொச்சி’ என்றும் எழுதினால் போதும். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு ஓட்டை போட வேண்டும், அதற்கு உங்கள் அப்பாவையோ மாமாவையோ பிடியுங்கள். கையில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் கொடுத்தால் அன்றைக்கு முழுவதும் அவரைக் கதிரையில் இருத்த முடியாது. உங்கள் மகனுக்கு ரயில் என்பது பிறந்ததிலிருந்தே இருக்கிற ஒரு சாமான். அவருடைய அம்மப்பாவுக்கு அப்படி இல்லையே, 1990இல் நின்ற ரயில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது 2013 செப்டெம்பரில்தான். அந்த இடைவெளியைப் பற்றி ஓட்டை போடும் நேரத்தில் அவருக்குச் சொல்ல விருப்பமிருந்தால் சொல்லட்டும், இல்லாவிட்டால் கொடி அசைக்கட்டும்.

இனி கேக். பட்டர் 250 கிராம், சீனி 250 கிராம், கோதுமை மா 250 கிராம், முட்டை ஐந்து, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, வனிலா ஒரு தேக்கரண்டி. பட்டரையும் சீனியையும் வெள்ளை நிறமாக வரும்வரை அடிக்க வேண்டும், கை வலிக்கிறது என்று மஞ்சளாக இருக்கும்போதே முட்டையை ஊற்றினால் கேக் செங்கல்லாகத்தான் வரும். முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். கலவை திரிந்தது போலத் தெரிந்தால் பயப்படாமல் ஒரு கரண்டி மாவைப் போட்டால் சேர்ந்துவிடும். பிறகு மாவைப் போட்டு மெதுவாகப் பிரட்டுவதோடு சரி, அதற்கு மேல் அடிக்கக் கூடாது. சின்னப் பாண் தட்டு இரண்டில் அரைவாசிக்குச் சற்று மேலே வரும்படி ஊற்றி, 180 பாகையில் 40 நிமிடமளவு விட்டு, ஈர்க்கினால் குத்திப் பாருங்கள். ஈர்க்கில் ஒட்டாமல் வந்தால் இறக்கலாம்.

முதல்நாளே சுட்டுவிடுங்கள், அன்றைக்குச் சுட்ட கேக் வெட்டும்போது உதிரும். இரண்டையும் குறுக்காக வெட்டினால் நான்கு பெட்டி, முதலாவது எஞ்சின். சில்லுக்குச் சின்ன வட்ட பிஸ்கட், தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைக்கு வேபர், நடுவில் கொட்டும் கல்லுக்கு இடித்த பிஸ்கட் தூள். கடைசிப் பெட்டியின் மேல்பக்கத்தைச் சற்றுக் குடைந்து உள்ளே கச்சான் ஏற்றினால் சாமான் பெட்டி. ஆனால் கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று தாய்மாரிடம் முதலே கேளுங்கள், அப்படி ஒரு பிள்ளை இருந்தால் முறிகண்டியிலும் சாமான் பெட்டியிலும் வேறு எதையாவது ஏற்றுங்கள். நான்கு வயதுக்குட்பட்ட தம்பி தங்கைமார் கூட வந்தால் அவர்களுக்கு முழுக் கச்சான் கையில் கொடுக்க வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

ஒரு கேக் 25 பேருக்குக் காணாது. இதே கணக்கில் இன்னொன்றைத் தட்டையாகச் சுட்டு, துண்டு போட்டுக் குசினிக்குள் வைத்திருங்கள், ரயிலைப் படம் எடுத்த பிறகு அதைப் பரிமாறலாம். இன்னொன்று, எஞ்சினுக்குப் புகைபோக்கி வைக்காதீர்கள். போன வருடம் நான் சொக்லேட்டில் அழகாக ஒன்று செய்து நிறுத்தியிருந்தேன், ஏழு வயதுப் பெடியன் ஒருவன் வந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, “அன்ரி, இது கரிக்கோச்சி. எங்கட ரயில் டீசல்” என்றான்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. மண் அடுப்பும் ஒரு காஸ் அடுப்பும்தான். கேக் ஆசையை விட்டுவிடவா?
(விசுவமடு வாசகி)

பதில்: ஏன் விட வேண்டும்? நம் அம்மாமார் எல்லாரும் ஓவன் வைத்தா கேக் அடித்தார்கள்? தடித்த அடியுள்ள பெரிய சட்டி ஒன்றை எடுங்கள். நொன்ஸ்ரிக் கூடாது, வெறும் சட்டியாகச் சூடேறினால் அது கெட்டுவிடும். கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த மணலை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, மேலே மீன் ரின்னின் இரண்டு பக்கத்தையும் வெட்டி எடுத்த வளையமொன்றை வைத்து, மூடி, பத்துப் பதினைந்து நிமிடம் சூடேற்றுங்கள். பிறகு கேக் தட்டை வளையத்தின் மேல் வைத்து நெருப்பைக் குறைத்துவிட வேண்டும். ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும், அதற்குள் நாலு தரம் மூடியைத் திறந்து பார்ப்பவர்களுக்கு நடுவில் குழி விழும்.

விறகு அடுப்பென்றால் இன்னும் நல்லது. தட்டையான மூடியின் மேல் சிரட்டைத் தணல் கொஞ்சம் போடுங்கள். மேலே இருந்தும் சூடு வருவதால் கேக்கின் முகம் சிவக்கும், மூடியில் ஆவி நின்று சொட்டுச் சொட்டாகக் கேக்கில் விழுவதும் இருக்காது. காஸில் செய்பவர்களுக்குத்தான் அந்தச் சொட்டுத் தண்ணீர்க் கரைச்சல், அவர்கள் மூடியைத் துணியால் சுற்றி நான்கு நுனியையும் மேலே முடிந்துவிட வேண்டும், தொங்கவிட்டால் தீப்பிடிக்கும்.

அதைவிட இலகுவான வழியும் ஒன்று உண்டு. பக்கத்தில் விறகுப் போறணை உள்ள பேக்கரி இருந்தால் கேட்டுப் பாருங்கள். பாண் எடுத்து முடிந்தபிறகு போறணை மெல்ல ஆறிக்கொண்டிருக்கும், அந்தச் சூடு கேக்குக்கு நல்ல பதம். தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பல இடங்களில் வைத்துத் தருவார்கள்.

கேள்வி: மகளின் பிறந்தநாள் இந்த முறை வெள்ளிக்கிழமை வருகிறது. வீட்டில் மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. முட்டை இல்லாமல் கேக் எழும்புமா?
(ஓமந்தை வாசகி)

பதில்: எழும்பும். ரின்பால் ஒரு ரின், உருக்கி ஆறவிட்ட பட்டர் 125 கிராம், மா 250 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, பால் 200 மில்லிலீற்றர், கடைசியாகத் தேசிக்காய்ப் புளி ஒரு மேசைக்கரண்டி. ரின்பாலிலேயே சீனி இருப்பதால் வேறு சீனி வேண்டாம். தேசிக்காய் பட்டதும் சோடா பொங்கத் தொடங்கும், பிறகு தட்டைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது, எண்ணெய் பூசிய தட்டும் சூடான அடுப்பும் முதலே தயாராக இருக்க வேண்டும். ருசியில் பட்டர் கேக் மாதிரி இருக்காது, கொஞ்சம் பால்கோவாப் பக்கம் சாயும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

கேள்வி: கடந்த வைகாசியில் மகளுக்கு நீல கிறீம் பூசி மீன் கேக் செய்தேன். மூன்று மணிக்கு மீன் இருந்தது, நான்கு மணிக்குக் கடல் மட்டும்தான் இருந்தது. என்ன பிழை விட்டேன்?
(புதுக்குடியிருப்பு வாசகி)

பதில்: உங்களில் பிழை இல்லை, வெயிலில்தான். பட்டர் 32, 35 பாகைக்குள் உருகிவிடும், வைகாசி மத்தியானம் நம் முற்றத்துச் சூடும் அவ்வளவுதான். எனக்கும் நடந்திருக்கிறது. பரந்தனில் இருந்து உங்கள் பக்கத்துக்கே ஆட்டோவில் ஒரு இரண்டு தட்டுக் கேக் கொண்டு வந்தேன், மடியில் பெட்டி, தர்மபுரம் தாண்டும்போது மேல்தட்டு மெல்ல என் பக்கம் சாய்ந்து, நான் ஒரு கையால் கேக்கையும் மறு கையால் ஆட்டோக் கம்பியையும் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியபோது என் சேலையில்தான் கூடுதல் ஐசிங்.

அதற்குப் பிறகு தை மாசி தவிர்த்து மற்றக் காலத்தில் பட்டர் கிறீமே பூசுவதில்லை. ஐசிங் சீனி 250 கிராமை இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளியில் குழைத்து, தேவைப்பட்டால் இன்னும் சில துளி விட்டு, தோசை மாவை விடக் கட்டியாக எடுத்து மேலே ஊற்றினால் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்து ஓடு மாதிரி நிற்கும், புளிப்பும் நன்றாக இருக்கும். நிறம் வேண்டுமென்றால் அதிலேயே கலக்கலாம். கிறீம்தான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் பட்டரில் பாதியைக் குறைத்து மாஜரீன் சேருங்கள், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வெட்டுங்கள், அதுவரை பிரிட்ஜ். சோழகம் அடிக்கும் நாட்களில் கேக்கை முற்றத்தில் வைக்கவே வேண்டாம், மேலே விழுகிற செம்மண்ணைப் பிள்ளைகள் சொக்லேட் தூள் என்று நினைத்துச் சாப்பிடுவார்கள்.

கேள்வி: ரோல்ஸ் எண்ணெய்க்குள் போட்டதும் வெடிக்கிறது.
(மாங்குளம் வாசகர்)

பதில்: உள்ளே வைக்கும் கறி ஈரமாக இருக்கிறது. உருளைக்கிழங்கைத் தண்ணீர் வற்ற நன்றாக வதக்கி, முழுதாக ஆறவிட்டுச் சுருட்டுங்கள், ஓரத்தை மாப்பசையால் ஒட்டுங்கள். ஒரு ஆண் ரோல்ஸ் கேட்டு எழுதியது இந்தப் பகுதிக்கு இதுதான் முதல் தடவை, வாழ்க. பொரித்த ரோல்ஸை, அதிலும் இறைச்சி வைத்ததை, இந்த வெக்கையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். பிள்ளைகள் வந்த பிறகு பொரியுங்கள்.

கேள்வி: மகளின் வகுப்பில் 28 பேர். எல்லாரையும் கூப்பிட விருப்பம். ஆனால் பரிசு வாங்க வசதி இல்லாத பிள்ளைகள் வராமல் விட்டுவிடுவார்களோ என்று அந்தரமாக இருக்கிறது.
(மல்லாவி வாசகி)

பதில்: விடுவார்கள்தான். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று தாய் சொல்லி அனுப்புவார். “பரிசு வேண்டாம்” என்று அட்டையில் எழுதினாலும் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள், வெறுங்கையோடு போவது நம் ஆட்களுக்கு வெட்கம். அதனால் எல்லாரும் கொண்டுவரக் கூடிய ஒன்றைக் கேட்டுவிடுங்கள். நாங்கள் ஒரு முறை மகளுக்குக் காடு என்று பார்ட்டி வைத்தபோது, “வீட்டு வளவில் இருந்து ஒரு இலையோ, பூவோ, காயோ கொண்டு வாருங்கள், காடு கட்டப் போகிறோம்” என்று எழுதினோம். வேப்பங்கொப்பு வந்தது, பனையோலை வந்தது, ஒருவன் பாலைப்பழம் ஒரு போத்தல் நிறையக் கொண்டு வந்து வழியிலேயே பாதியை முடித்திருந்தான். எல்லாவற்றையும் கயிறு கட்டி விறாந்தையில் தொங்கவிட்டோம், பலூனுக்குக் காசே செலவில்லை. ஒரு பிள்ளை ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்தாள். அதையும் தொங்கவிட்டு, அடுத்த நாள் கறி வைத்தோம்.