தொண்டையில் இரண்டு மெழுகுதிரிகள்

கேள்வி: பிப்ரவரி 3 அன்று கத்தோலிக்கக் கோவிலில் மெழுகுதிரிகளைத் தொண்டையில் வைத்து மந்திரிக்கிறார்களே, ஏன்? ஏற்றிய திரியாக இருக்க வேண்டாமா?

பதில்: அன்று ஆயர் புனித பிளேசியுஸின் நினைவு நாள். அவர் ஆயராக இருந்த செபஸ்தே நகரம்தான் இன்றைய துருக்கியின் சிவாஸ். 316 வாக்கில், உரோமைப் பேரரசர் லிசினியுஸ் ஆட்சியில், இரும்புச் சீப்பால் உடல் கிழிக்கப்பட்டுத் தலை வெட்டப்பட்டார் என்பது மரபு. மீன் முள் சிக்கித் திணறிய சிறுவனைக் காப்பாற்றினார் என்ற கதை எழுத்தில் ஏறியது வெகு பிந்தி. ஆனால் 6-ஆம் நூற்றாண்டு மருத்துவர், ஆமிதா நகரத்து ஏட்டியுஸ், தொண்டையில் சிக்கிய எலும்புக்குச் சொன்ன வழிகளில் ஒன்று, ‘பிளேசியுஸ் கட்டளையிடுகிறார், மேலே வா அல்லது கீழே போ’ என்று அதை அதட்டுவது. மருத்துவ நூலில்தான்!

திரிகள் முந்தைய நாள், ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவில் மந்திரித்தவையாக இருக்க வேண்டும். இரண்டையும் சிலுவைபோலக் குறுக்காக வைத்துச் சிவப்பு நாடாவால் கட்டுவார்கள். சிவப்பு, விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மறைசாட்சியின் நிறம். முடிச்சு நடுவுக்குச் சற்றுக் கீழே இருந்தால் மேற்கவை நீண்டு கழுத்தின் இருபுறமும் படியும். தளர்வாகக் கட்டினால் வரிசை பாதி நகர்வதற்குள் கவை சரிந்துவிடும். ஏற்றத் தேவையில்லை. சடங்கு கேட்பது மந்திரித்த திரியைத்தான், சுடரை அல்ல. முகவாய்க்குக் கீழே சுடர் இருந்தால் தலைமுடிக்கும் முக்காட்டுக்கும் ஆபத்து.

பிளேசியுஸின் பரிந்துரையால் தொண்டை நோயினின்றும் மற்ற எல்லா நோயினின்றும் இறைவன் காப்பாராக என்பதே செபத்தின் பொருள். காப்பவர் இறைவன், திரி அல்ல. இதைச் சொல்லும்போது குருவும் திருத்தொண்டரும் (டீக்கன்) சிலுவை அடையாளம் வரைவார்கள். பொதுநிலையினர் செய்தால் வரையக் கூடாது. இந்த வேறுபாடுதான் பல இடங்களில் மறந்துபோகிறது. கூட்டம் மிகுதியானால் குரு திரியில்லாமல் எல்லார்மீதும் கைகளை நீட்டி ஒரே முறை சொன்னால் போதும்.

முள் உண்மையிலேயே சிக்கியிருந்தால் முதலில் மருத்துவமனை.

கேள்வி: பிளேசியுஸுக்குப் புனிதர் பட்டம் கொடுத்த திருத்தந்தை யார்?

பதில்: எவரும் இல்லை. அந்தக் காலத்தில் விசாரணையும் அறிவிப்பும் கிடையாது. மக்கள் கல்லறையில் கூடி, ஆண்டுதோறும் அவர் இறந்த நாளைக் கொண்டாடுவார்கள். அதற்குப் பழைய சான்று சிமிர்னா ஆயர் பொலிகார்ப். 2-ஆம் நூற்றாண்டில் அவர் கொல்லப்பட்டபின், அவருடைய எலும்புகளை மணிக்கற்களினும் அரியவையாகப் போற்றிச் சேகரித்ததாகவும், அவர் சாட்சியாக இறந்த நாளையே பிறந்த நாளாகக் கொண்டாடவிருப்பதாகவும் சிமிர்னாவின் கிறிஸ்தவச் சபையே கடிதம் எழுதியது. திருத்தந்தை ஒருவர் முறைப்படி அறிவித்ததாகச் சான்றுள்ள முதல் புனிதர் ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிச்; ஆண்டு 993.