சமூகப்பணி படித்தவர் போதைச் சிகிச்சையில் வேலை செய்துகொண்டே ஆய்வும் செய்ய முடியுமா?

முடியும். திருகோணமலையில் இந்த வேலை பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் சிகிச்சை, ஆய்வு இரண்டுக்கும் அடிப்படை.

வைத்தியர் மருந்தைக் கவனிப்பார். நாங்கள் ஆளோடு வீட்டையும் சேர்த்துப் பார்க்கிறோம். நாள் தவறாமல் நிறையக் குடித்தவரை அறையில் பூட்டிவைத்துத் திருத்தப் பார்க்கிற வீடுகள் இன்றைக்கும் உண்டு. அவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். உயிரே போகவும் கூடும். வைத்தியசாலையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று ஒரு தாய்க்குப் புரியவைப்பது லேசான காரியமில்லை.

கேள்வி கேட்கவும் பழக வேண்டும். குடிப்பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று கண்டறிய உதவும், உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ படிவத்தில் 10 கேள்விகள். குடிக்கிற நாளில் எத்தனை அளவு என்று அதில் ஒன்று. இங்கே சாராயத்துக்குப் போத்தல் கணக்குத்தான். “கால்தான் மிஸ், அதுவும் உடம்பு நோவுக்கு” என்பார்கள். ஓர் அளவுக்கு 10 கிராம் மதுசாரம் என்று பார்த்தால் கால் போத்தல் ஏறக்குறைய 5 அளவு. அங்கே 1 என்று எழுதினால் ஆய்வே பிழையாகிவிடும்.

கிரிஃபித் எட்வர்ட்ஸ் குழு லண்டனில் நடத்தி 1977இல் வெளியிட்ட ஆய்வைக் கட்டாயம் படியுங்கள். குடியால் பாதிக்கப்பட்ட, திருமணமான 100 ஆண்கள். ஒரு பகுதியினருக்கு முழுச் சிகிச்சை, மற்றவர்களுக்கு ஒரே ஓர் ஆலோசனை அமர்வு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் பெரிய வித்தியாசமில்லை. இடையில் மனைவியரிடம் மாதாமாதம் விவரம் கேட்டது சமூகப்பணியாளர்தான்.

ஒரு வருடம் என்பது எங்கள் கடற்கரைக்கு மிகவும் பொருந்தும். வாடைக்காலத்தில் கடல் கொந்தளிப்பு, தொழில் இல்லை, காசும் இல்லை. திருக்கடலூர்ப் பக்கம் அப்போது போய்க் கேட்டால் “இப்ப குடிக்கிறேல்ல” என்பார்கள். பலர் சொல்வது உண்மைதான் (கடனுக்குக் குடிப்பவர்களும் உண்டு). கரைவலை மீன்பிடி தொடங்கிப் பங்குக்காசு கைக்கு வந்த பிறகு கேளுங்கள், பதில் மாறியிருக்கும். வாடைக்காலத்து மூன்று மாதத்தை மட்டும் வைத்து ‘சிகிச்சை வெற்றி’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது.

இன்னொன்று, மனைவி சொன்னதைக் கணவரிடம் போட்டுடைக்கவே கூடாது. அன்றிரவு அடி விழுவது அவளுக்குத்தான். அதனால் வீட்டார் சம்மதமும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் கிடைத்த பிறகே தரவு சேர்க்கத் தொடங்குங்கள்.

படிப்புக்குத் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப்பணி இளமாணி, முதுமாணி இரண்டும் இருக்கின்றன. சிங்களமும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள், பருவத்துக்குத் தெற்கிலிருந்து வந்து வாடி (தற்காலிகக் குடிசை) போடுகிற மீனவர்களும் உங்களிடம்தான் வருவார்கள்.