இரண்டு விடியல்கள்: ஒரு கெண்டை ஏரியைப் பற்றி

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு அருகே வேலை பார்க்கிறேன். ஏரிக்கரையில் கழித்த இரவுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, இங்குள்ள தூண்டில் சங்கம் ஒன்றில் சேர்ந்தேன். சரளைக்கல் தோண்டிய பள்ளத்தில் உண்டான, 30 ஏக்கர் ஏரி. கெண்டை குறைவு, ஆனால் இருப்பவை பெரியவை என்கிறார்கள். ஜூலையில் ஒன்றும் ஆகஸ்டில் ஒன்றுமாக இரண்டு வார இறுதிகள், வெள்ளி மாலை முதல் ஞாயிறு நண்பகல் வரை உட்கார்ந்தேன். வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய விசாலமான இடத்தில் கூடாரம் அடித்து, முடிந்தவரை தூரமாக எறிந்து, 5 கிலோ இரை உருண்டைகளையும் தூவினேன். மீன் இழுத்தால் ஒலிக்கும் மணி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. இரவில் எதிர்க்கரைப் பக்கம் பெரிய மீன்கள் புரளும் சத்தம் கேட்டது. காலையில் நான் எழுந்தபோது மணி எட்டாகியிருந்தது. என் அப்பா ஊர்க் கண்மாயில் மண்புழு கோத்து ஒரு மணி நேரத்தில் குழம்புக்குக் கெண்டை கொண்டுவருவார். நான் என்ன தவறு செய்கிறேன்? பிடித்தாலும் திரும்ப விடத்தானே போகிறீர்கள், பிறகு எதற்கு இந்தத் தவம் என்று என் மனைவி கேட்கிறார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

ஒரு வாசகர், ரெடிங்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விக்கான விடையை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். எதிர்க்கரையில் மீன் புரளும் சத்தத்தைக் கேட்ட பிறகும், கூடாரத்தையும் தூண்டில் கோல்களையும் பிரித்துக்கொண்டு அங்கே போக உங்களுக்கு மனம் வரவில்லை. இரையிலோ தூண்டில் முள்ளிலோ பெரிய குறை இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மீன் இல்லாத தண்ணீரில் 42 மணி நேரம் தூண்டில் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்பாவின் கண்மாயை முதலில் தள்ளி வைத்துவிடுவோம். அவர் பிடித்த கெண்டைக்கும் நீங்கள் தேடும் கெண்டைக்கும் பெயரளவில்தான் உறவு. கண்மாய்க் கெண்டை நம் மண்ணின் சிறு மீன். நீங்கள் தேடுவதோ தன்யூபு ஆற்றையும் காஸ்பியன் கடலையும் பூர்விகமாகக் கொண்ட பெருமீன். 1939ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விடப்பட்டதும் இந்த இனம்தான். மீனைவிடத் தண்ணீர் இன்னும் வேறானது. கண்மாய் ஆழமற்றது, கலங்கியது, கோடையில் சுருங்கிச் சுருங்கி மீன்களை ஓரிடத்தில் பசியோடு நெருக்கி வைப்பது. சரளைப் பள்ளமோ நிலத்தடி நீர் ஊறி நிறைந்த, தெளிந்த நீர்நிலை. இயந்திரங்கள் தோண்டிய விதத்தில் அதன் அடித்தரை மேடும் பள்ளமுமாக, நீண்ட வரப்புகளும் இடையிடையே ஓடைகளுமாக இருக்கும். நத்தையும், சிப்பியும், வண்டலில் நெளியும் சிவப்புப் புழுவும் அங்கே ஏராளமாக இருப்பதால், நீங்கள் போடும் இரைக்காக எந்தக் கெண்டையும் காத்திருப்பதில்லை. ஏக்கருக்கு ஒரு மீன்கூட இல்லாத ஏரியில் 5 கிலோ உருண்டையைக் கொட்டினால், அதைத் தின்று தீர்ப்பதற்கே அங்கே மீன் வராது.

அதோடு அந்த மீன்களுக்கு நம்மைத் தெரியும். பியூக்கமா என்ற நெதர்லாந்து ஆய்வாளர் குளங்களில் செய்த தூண்டில் சோதனைகளை 1970இல் வெளியிட்டார். ஒரே ஒரு முறை முள்ளில் மாட்டிய கெண்டை, அதன்பின் நெடுங்காலம் தூண்டிலைத் தவிர்க்கக் கற்றுக்கொள்கிறது என்பது அவர் கண்டது. போதாக்குறைக்குக் கெண்டையின் காற்றுப்பையையும் உட்செவியையும் சிறு எலும்புகளின் தொடர் ஒன்று இணைக்கிறது. அதனால் அதன் செவி மிகவும் கூர்மையானது. கூடார ஆணியைச் சுத்தியலால் அடிக்கும் ஓசையும், அடுத்தடுத்து விழும் ஈயக்குண்டுகளின் ஓசையும் அதற்கு என்னவாகக் கேட்கும் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் வந்து சேர்ந்த முதல் அரை மணி நேரத்திலேயே அந்தக் கரை காலியாகியிருக்கக்கூடும்.

வார இறுதியில் மட்டும் போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு: உங்களிடம் இருப்பது 42 மணி நேரம் அல்ல, இரண்டு விடியல்கள். கோடையில் கெண்டை தன்னைக் காட்டிக்கொள்வது பெரும்பாலும் வெளுக்கத் தொடங்கும் நேரத்திலிருந்து வெயில் ஏறும் வரைதான். சனிக்கிழமை விடியலை உறக்கத்துக்குக் கொடுத்துவிட்டால் பாதி முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் மீனைக் கண்டாலும் இடம் மாற நேரம் இருக்காது.

ஆகவே வெள்ளி மாலை போனதும் கூடாரத்தை வண்டியிலேயே விட்டுவிடுங்கள். நீரின் மேல் கூசும் ஒளியைத் தடுக்கும் போலராய்டு கண்ணாடியை மட்டும் அணிந்துகொண்டு ஏரியை ஒரு சுற்று மெதுவாக நடங்கள். தென்மேற்கிலிருந்து வெதுவெதுப்பான புதுக்காற்று அடித்தால், அது போய் மோதும் கரையில் முதலில் தேடுங்கள்; வடகிழக்கின் குளிர்காற்று என்றால் அதற்கு மறைவான கரையில் தேடுங்கள். மற்றபடி கரையோரத் தண்ணீரில் ஒரு கலங்கல், பொடிப் பொடியாகக் கொத்தாக எழும் குமிழிகள், ஆடக் காரணமில்லாமல் ஆடும் ஒரு நாணல், இவைதான் அடையாளங்கள்.

சென்ற ஜூன் மாதம் இதே போன்ற ஓர் ஏரியில் வெள்ளி இரவு முழுவதும் நான் தவறான கரையில்தான் இருந்தேன். நாலரை மணிக்கு எழுந்து பார்த்தபோது, நூறு மீட்டருக்கு அப்பால், காற்று போய் அடையும் மூலையில் ஒரு தாழ்ந்த வில்லோ மரத்தின் கீழே தண்ணீர் பால் கலந்ததுபோல் இருந்தது. ஒரு கோலையும் கைவலையையும் மீனைக் கிடத்தும் மெத்தையையும் மட்டும் எடுத்துக்கொண்டு போய், இரையை எறியாமல், கோல் எட்டும் தூரத்தில் மெல்லத் தொங்கவிட்டு இறக்கி, சுற்றிலும் இரண்டு கைப்பிடி இரையை மட்டும் போட்டேன். ஒரு மணி நேரம் குமிழிகள் இரையைச் சுற்றி வந்தன, இரைமேல் வரவில்லை. பிறகு தளர்ந்து கிடந்த தூண்டில் நரம்பு தண்ணீரிலிருந்து ஒரு விரற்கடை அளவு எழும்பி நின்றது. மணி ஒலிப்பதற்கு முன்பே என் கை கோலின்மேல் இருந்தது. ஏறத்தாழ 9 கிலோ எடையுள்ள, செதில் குறைந்த ‘கண்ணாடிக் கெண்டை’ வகை. முதுகை ஒட்டி மட்டும் பெருவிரல் நகம் அளவில் ஒரு வரிசைச் செதில்கள், மற்ற உடலெல்லாம் வழவழப்பான தேன் நிறம். ஞாயிறு நண்பகல் வரை அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

தூர எறிய வேண்டிய இடமானால், அடித்தரையை அறியாமல் இரை போடாதீர்கள். முள் கட்டாமல், 85 கிராம் ஈயக்குண்டை மட்டும் எறிந்து, நரம்பை இழுத்துப் பிடித்தபடியே மூழ்க விடுங்கள். சரளையில் விழுந்தால் கோலின் நுனி ‘டொக்’ என்று கையில் தட்டும். மெதுவாக இழுக்கும்போது கல்லில் உரசும் நடுக்கம் விரலுக்குத் தெரியும். வண்டலில் விழுந்தால் தட்டாது, ஈரச் சாக்கை இழுப்பதுபோல் கனமாக வரும். பாசியில் விழுந்தால் சிக்கிச் சிக்கி விடுபடும். சரளை முடிந்து வண்டல் தொடங்கும் எல்லையைக் கண்டுபிடித்தால், நரம்பைச் சுற்றி வைக்கும் ரீலின் கிளிப்பில் நரம்பை மாட்டி அந்தத் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓசை எழுப்பும் இந்த வேலையை மீன் இல்லாத பகல் பொழுதில் செய்து முடித்துவிட வேண்டும்.

உங்கள் மனைவியின் கேள்வி எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. உரிமையாளர் அனுமதியின்றி ஏரி மீனை எடுத்துப்போவது இங்கே சட்டப்படி குற்றம் என்பது சிறு காரணம். இந்த மீன்களின் வயதுதான் பெருங்காரணம். ஹியர்ஃபோர்ட்ஷயரில் உள்ள ரெட்மயர் குளத்தில் 1934இல் 50 கெண்டைக் குஞ்சுகளை விட்டார்கள். 1952 செப்டம்பர் 13 அன்று ரிச்சர்ட் வாக்கர் அங்கே 44 பவுண்டு, அதாவது 20 கிலோ கெண்டையைப் பிடித்தார். அது லண்டன் மிருகக்காட்சிசாலைக்குப் போய் 1971 வரை வாழ்ந்தது. உங்கள் ஏரியில் உள்ள பெரிய மீன்களும் பல ஆண்டுகள் வளர்ந்தவை. நாம் ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்தால் இரண்டு கோடைகளில் அங்கே எதுவும் மிஞ்சாது. அதற்காக மீனுக்கு நாம் தீங்கே செய்வதில்லை என்று நான் சொல்ல மாட்டேன். முள் குத்துகிறது, மீன் மிரள்கிறது. அதைக் குறைப்பது நம் கடமை: மெத்தையை முன்பே நனைத்து வையுங்கள், கையை நனைக்காமல் அதன் வழவழப்பான மேல்தோலைத் தொடாதீர்கள், முள் பட்ட இடத்தில் மருந்து தடவுங்கள், படம் எடுப்பதற்காக மீனைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்காதீர்கள்.

செப்டம்பரில் நீர் குளிர்வதற்கு முன் கெண்டை நன்றாக மேயும். ஒரு சனிக்கிழமை விடியலுக்கு உங்கள் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். இன்னொருவர் கைவலையைப் பிடித்துக்கொண்டால் மீன் கரையில் கிடக்கும் நேரம் பாதியாகக் குறையும்.