செண்டுமல்லி இடுப்பளவு வளர்ந்தும் மொட்டு வரவில்லையே?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் வீடு. கொல்லையில் வேப்பமரத்தை ஒட்டி இருபது செண்டுமல்லி நாற்று நட்டு ஐம்பது நாளாகிறது. ஆட்டுப் புழுக்கை நிறையப் போட்டேன், வாரம் ஒரு பிடி யூரியாவும் வைக்கிறேன். செடி கரும்பச்சையாக இடுப்புவரை வந்துவிட்டது, காற்றடித்தால் சாய்கிறது. மொட்டு மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். சில இலைகள் வெளுத்து, அடியில் நூலாம்படை மாதிரி இருக்கிறது. ஆயுத பூஜைக்கு வீட்டுப் பூ பறிக்க முடியுமா?

பதில்: வணக்கம் அம்மா. செடிக்குப் பெரிய குறை ஒன்றுமில்லை, கவனிப்புதான் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. ஆட்டுப் புழுக்கையே தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த எரு. அதன் மேல் வாராவாரம் யூரியாவும் விழுந்தால் செடி இலைவிட்டுக்கொண்டேதான் இருக்கும், பூக்கிற எண்ணமே அதற்கு வராது. வயலுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது எக்டருக்கு அடியுரமாகத் தழைச்சத்து 45 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 90 கிலோ, சாம்பல் சத்து (பொட்டாஷ்) 75 கிலோ. அப்புறம் 45 நாள் கழித்து இன்னொரு 45 கிலோ தழைச்சத்து, அவ்வளவுதான். யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள். விறகடுப்புச் சாம்பல் இருந்தால் செடிக்கு ஒரு கைப்பிடி தூவி, தூரில் மண் அணைத்து விடுங்கள். சாய்வதும் நிற்கும்.

அடுத்தது நிழல். செண்டுமல்லிக்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். மரத்தடியில் வெளிச்சத்தைத் தேடித்தான் இப்படி நெட்டையாக ஓடியிருக்கிறது.

மூன்றாவது, நீங்கள் நுனி கிள்ளியதாக எழுதவில்லை. நட்ட 30-ம் நாள் நடுத்தண்டின் நுனியை ஒடித்திருந்தால் பக்கக் கிளைகள் வெடித்து, கிளைக்கொரு மொட்டு வைத்திருக்கும். நான் கிள்ளச் சொன்னால் 'பூக்கப் போகிற தலையை ஒடிக்கச் சொல்கிறாரே' என்று மனசில்லாமல்தான் பார்ப்பார்கள். ஒருமுறை கிள்ளிப் பார்த்தவர்கள் அப்புறம் என்னைக் கேட்பதில்லை. காலம் தாழ்ந்தாலும் பரவாயில்லை, மொட்டில்லாத நுனிகளை இப்போதே நாலு விரல் நீளத்துக்கு ஒடித்துவிடுங்கள்.

ஒடித்ததைக் குப்பையில் போட வேண்டாம். பூச்சியில்லாத நுனிகளாகப் பார்த்து, கீழ் இலைகளை உருவிவிட்டு, ஈர மணலில் செருகி நிழலில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் வேர்விடும். அதை எடுத்து நல்ல வெயில் படும் இடத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக நடலாம். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் இது இன்னும் நல்லது. அந்தப் பூவைக் காயவைத்து விதை எடுத்தால் மறுவருஷம் சில செடி ஒற்றை அடுக்காகவும் பூக்கும். நுனியிலிருந்து வந்த செடி தாய்ச்செடி மாதிரியே இருக்கும்.

நூலாம்படை சிலந்திப் பேனின் வேலை. இலையை வெள்ளைத் தாள் மேல் தட்டுங்கள், ஊசிமுனை அளவில் ஏதாவது ஊர்ந்தால் அதுதான். வெயில் காய்ந்து, செடியும் தண்ணீருக்கு வாடினால் இது பெருகும். முதலில் மூன்று நாள் காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பெரும்பாலும் வீட்டுத் தோட்டத்துக்கு அதுவே போதும். அடங்காவிட்டால் லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகத் தூள் கலந்து மாலையில் தெளியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் கந்தகம் அடிக்க இரண்டு வாரமாவது பொறுங்கள். மொட்டு விரிந்த பிறகு பூவின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், இதழ் அழுகும்.

ஆயுத பூஜைக்குப் புதிதாக விதைப்பதானால் கணக்கு இதுதான்: நாற்றங்காலில் ஒரு மாதம், நட்டபின் இரண்டு மாதம். பூஜை தேதியிலிருந்து 90 நாள் பின்னால் எண்ணி, அதற்கும் ஒரு வாரம் முன்னதாக விதையுங்கள். ஆனி மாதம் பெரும்பாலும் சரியாக வரும். நுனிச்செடிகள் அதற்கு முன்பே பூத்துவிடும். வாடிய பூவை அன்றன்றைக்குக் கிள்ளி எடுத்தால் அடுத்த மொட்டு தாமதிக்காது.

பேன் இல்லை, வேறென்னவோ என்று தோன்றினால் தாக்கிய இலை நாலைந்தைக் காகிதத்தில் சுற்றி, உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், போய்ச் சேர்வதற்குள் வேர்த்து அழுகிவிடும்.