அறுபதாம் நாள் புதுத் தண்டல் வேண்டாம்

கேள்வி: எனக்கு 27 வயது. தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். தலைப்பிரசவம், 35ஆவது வாரம் நடக்கிறது. வீட்டுக்காரருக்கு மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. சம்பளம் 19,500, இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். நான் வீட்டில் பிளவுஸ் தைத்து மாதம் 6,000 பார்த்துவந்தேன், போன மாதத்தோடு நிறுத்திவிட்டேன். வாடகை 6,500. தண்டலில் 30,000 வாங்கித் தினம் 300 கட்டுகிறோம், இன்றோடு 45 நாள் ஆகிறது. அதில் 12,000 கொழுந்தனாரின் ஆட்டோ டியூவுக்குப் போனது. ஒன்றரை வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. அறுபது நாள் ஆனதும் தண்டல்காரர் பழசைக் கழித்துக்கொண்டு புதுசு போட்டுக் கொடுப்பார். இதுவரை எட்டுத் தடவை போட்டாயிற்று. இந்தத் தடவை பிரசவச் செலவுக்காக 50,000 ஆகப் போட்டுத் தருகிறேன் என்கிறார். கொழுந்தனார் அதிலும் 10,000 கேட்கிறார். தனியார் நர்சிங் ஹோம்தான் பாதுகாப்பு என்கிறார் நாத்தனார். அங்கே சுகப்பிரசவத்துக்கு 60,000, ஆபரேஷன் என்றால் ஒரு லட்சம். ஸ்கேன் சென்டரில் நம்பர் வாங்கிய ஒருவர், தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்க மாதம் 2,500 வீதம் 24 மாதம் கட்டச் சொல்லித் தினமும் போன் செய்கிறார். என்னிடம் இரண்டு சவரன் சங்கிலி ஒன்று இருக்கிறது. பிரசவத்துக்கு முன்னால் அடகுக்குப் போகக் கூடாது என்கிறார் மாமியார். ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. என்ன செய்வது?

பதில்: தண்டல் வட்டி அதிகம் என்பது நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒன்றரை வருடமாகக் கட்டுகிறீர்கள். அந்த அறுபதாம் நாளில் என்ன நடக்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

30,000 தண்டலில் 4,500ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 25,500 கையில் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். நூற்றுக்குப் பதினைந்து பிடிப்பது ஊர் வழக்கம். உங்கள் ஆள் வேறு கணக்கில் பிடித்தால் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். நூறு நாள் 300 கட்டினால் கணக்கு முடிந்தது. தினமும் முதல் குறைந்துகொண்டே வருவதால், உங்கள் கையில் சராசரியாக நிற்கும் பணம் 13,000 பக்கம்தான். அதற்கு நூறு நாளில் 4,500 என்றால் மாதம் பத்தரை வட்டி. சேட்டுக் கடை ரெண்டு வட்டியையே அநியாயம் என்கிறோம்.

அறுபதாம் நாள் பாக்கி 12,000. புதுசாக 30,000 போடுகிறார். 4,500 வட்டி, 12,000 பழைய பாக்கி, இரண்டையும் கழித்து உங்களுக்கு வருவது 13,500. வட்டியோ முழு 30,000க்கும் பிடித்தாயிற்று. அந்தப் பழைய 12,000க்கு முதல் நாளே வட்டி கொடுத்துவிட்டீர்கள். அதே பணத்துக்கு இரண்டாம் முறை வட்டி கட்டுகிறீர்கள். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். புதுசு போடாமல் இருந்தால் இன்னும் 40 நாளில் விடுதலை. போட்டால் 100 நாள். மேற்கொண்டு கட்டும் 60 நாளுக்கு 18,000 ஆகிறது. 13,500 வாங்கி 18,000 கொடுக்கிறீர்கள்.

எட்டுத் தடவை புதுசு, முதல் தடவையையும் சேர்த்தால் ஒன்பது தண்டல். வட்டி மட்டும் 40,500. இதே 17 மாதத்தில் ஒவ்வொன்றையும் நூறு நாளும் ஓட்டி முடித்திருந்தால் ஆறு தண்டல்தான் ஆகியிருக்கும், வட்டி 27,000. வித்தியாசம் 13,500. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவத்துக்கு ஆகும் கைச்செலவு அது.

இப்போது அவர் தருகிறேன் என்னும் 50,000. வட்டி 7,500, பழைய பாக்கி 12,000, மொத்தப் பிடித்தம் 19,500. உங்கள் வீட்டுக்காரரின் ஒரு மாதச் சம்பளம் கைக்கே வராமல் போகிறது. மிச்சம் 30,500. அதில் கொழுந்தனாருக்கு 10,000 போனால் பிரசவத்துக்கு நிற்பது 20,500. அதற்காக மறுநாளிலிருந்து தினம் 500, மாதம் 15,000. சம்பளத்தில் மிஞ்சும் 4,500ல் வாடகையே அடங்காது. அரிசி, கேஸ், குழந்தை எல்லாம் அதற்குப் பிறகு. அப்புறம் ஐம்பதாம் நாளே அடுத்த புதுசு கேட்டு நிற்பீர்கள், அப்போது கையில் மூன்று வாரக் குழந்தை இருக்கும்.

தண்டல் என்பது தினம் காசு பார்ப்பவர்களுக்காக ஏற்பட்டது. காசிமேட்டில் மீன் விற்பவர், தள்ளுவண்டிக்காரர், ஆட்டோ ஓட்டுபவர். மாதச் சம்பளக்காரருக்கு அது ஒத்துவராது. ஒன்றாம் தேதி வந்த பணம் இருபதாம் தேதி வற்றிவிடும், ஆனால் 300 ரூபாய் தேதி பார்ப்பதில்லை. அப்போது கைமாற்று, அடுத்து புதுத் தண்டல். உங்கள் வீட்டில் தினம் காசு பார்ப்பவர் கொழுந்தனார்தான். தண்டல் இருப்பதோ உங்கள் வீட்டுக்காரர் பெயரில். இதைவிடத் தலைகீழாக ஒரு ஏற்பாடு செய்ய முடியாது.

அதனால் முதல் வேலை, கொழுந்தனார் வாங்கிய 12,000க்குப் பங்கு பிரியுங்கள். 30,000ல் அது நூற்றுக்கு நாற்பது, தினம் 120 ரூபாய். மிச்சமிருக்கும் 55 நாளும் சாயங்காலம் அந்த 120ஐ அவரே தண்டல்காரரிடம் கொடுக்கட்டும், அட்டையில் தனியாகக் குறிக்கட்டும். உங்கள் கையில் கொடுத்து நீங்கள் கட்டுவது என்ற பேச்சே வேண்டாம், அது நின்றுபோகும். இதை அவரிடம் சொல்ல வேண்டியவர் உங்கள் வீட்டுக்காரர், நீங்களில்லை. "புள்ள பொறக்கற வரைக்கும் என் பேர்ல புதுசு கிடையாது, உன் பங்கை நீ கட்டு" என்ற ஒரு வாக்கியம் போதும். புது 10,000க்குப் பதில், முடியாது.

அவசரப்பட்டுப் பழைய தண்டலை மொத்தமாக அடைக்கவும் வேண்டாம். பாக்கி 16,500. வட்டியை முதலிலேயே எடுத்துவிட்டதால், இன்று மொத்தமாகக் கொடுத்தாலும் ஒரு ரூபாய் குறையாது. "மொத்தமா குடுத்தா எவ்ளோ தள்ளுவீங்கண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு குறைப்பார் என்றால் யோசிக்கலாம். குறைக்கமாட்டேன் என்றால் தினம் 300 ஆகவே நூறாம் நாள்வரை போகட்டும். தண்டலில் இனி புது வட்டி இல்லாத பகுதி இந்தக் கடைசி நாட்கள்தான், ஒவ்வொரு முறையும் நீங்கள் அதைத்தான் தொலைத்திருக்கிறீர்கள்.

நாட்களைக் கணக்கில் வையுங்கள். அறுபதாம் நாள் இன்னும் 15 நாளில் வருகிறது, அப்போது உங்களுக்கு 36 வாரம் முடிந்திருக்கும். வலி எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்த நேரத்தில் பணத்தை நீட்டினால் எந்த வீட்டிலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஆகவே ரொக்கம் அதற்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டும்.

அதற்குத்தான் சங்கிலி. வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன் முக்கால் வட்டியிலிருந்து ஒரு வட்டிக்குள் முடியும். 30,000 வாங்கினால் வருடத்துக்குச் சுமார் 3,000. தண்டலில் அறுபது நாளுக்கே 4,500 கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஆதார், பான் கார்டு, போட்டோவோடு காலையிலேயே போங்கள், மதிப்பீட்டாளர் பல கிளைகளில் சாயங்காலம் வரை இருக்கமாட்டார். இன்றைய தங்க விலைக்கு இரண்டு சவரனுக்கு இன்னும் அதிகம் தருகிறோம் என்பார்கள். 30,000 மட்டும் போதும் என்று சொல்லி வாங்குங்கள். இடையில் பகுதிப் பணம் கட்டலாமா, வருட முடிவில் முதலும் வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டுமா என்று கையெழுத்துக்கு முன் கேளுங்கள். இந்தக் கடனையும் 'டாப்-அப்' செய்து தருகிறோம் என்று போன் வரும். அதுவும் அறுபதாம் நாள் வியாபாரம்தான், உடுப்பு மட்டும் வேறு.

மாமியாருக்கு ஒன்று சொல்லலாம்: சங்கிலி பெட்டியில் பத்திரமாக இருக்க, வாசலில் தினமும் தண்டல் வண்டி வந்து நிற்பது எந்தச் சகுனத்தில் சேர்த்தி?

30,000ல் 15,000 பிரசவத்துக்கு, தனிக் கவரில் போட்டு உங்கள் அம்மாவிடம் கொடுத்துவையுங்கள். மீதி 15,000 அடுத்த இரண்டு மாதத்துக்கு. சம்பளத்தில் வாடகையும் தண்டலும் போக 4,000 நிற்கிறது. மாதம் 7,500 சேர்த்தால் 11,500. கொழுந்தனார் தன் பங்கைக் கட்டினால் இன்னொரு 3,600. தாக்குப்பிடிக்கலாம். தண்டல் முடிந்ததும் வாடகை போக 13,000 கையில் நிற்கும். அதில் மாதம் 3,000 வங்கிக்குப் போனால் பத்து, பதினோரு மாதத்தில் சங்கிலி திரும்பிவிடும்.

15,000 போதுமா என்பது எங்கே பிரசவம் என்பதைப் பொறுத்தது. வீட்டுக்காரருக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது, அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் உங்களுக்கும் பார்ப்பார்கள். ஆனால் அவருடைய இ.எஸ்.ஐ. அட்டையில் உங்கள் பெயர் குடும்ப உறுப்பினராக ஏறியிருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே போட்ட அட்டை என்றால் அம்மா, அப்பா பெயர் மட்டும் இருக்கும், பலர் பிரசவ அறை வாசலில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். நாளைக்கே கம்பெனி அலுவலகத்தில் பார்க்கச் சொல்லுங்கள், ஆதாரில் உள்ள எழுத்தும் அதில் உள்ள எழுத்தும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை உங்கள் வீட்டுக்குப் பக்கம். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது, சுகப்பிரசவமானாலும் ஆபரேஷனானாலும் கட்டணமில்லை. குழந்தைக்கு மூச்சுத் திணறலோ எடைக் குறைவோ இருந்தால் நர்சிங் ஹோமில் தீவிர சிகிச்சைக்கு நாள் கணக்கில் பில் ஏறும், ஒரு லட்சம் என்று சொன்ன தொகையில் அது சேராது. பாதுகாப்பு பற்றிப் பேசும் நாத்தனார் இதை அங்கே கேட்டாரா? எங்கே போனாலும் முன்கூட்டியே ஒருமுறை காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். கர்ப்பப் பதிவு அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் ஒரே பையில். போக 108, பிறந்த பின் குழந்தையோடு வீடு திரும்ப 102, இரண்டும் இலவசம்.

கைச்செலவு என்பது கூட இருப்பவரின் சாப்பாடு, டீ, வந்துபோகும் ஆட்டோ. ஆபரேஷன் என்றால் ஒரு வாரம் ஆகலாம், 4,000 வையுங்கள். குழந்தைத் துணிக்கு 2,000 தாராளம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பருத்தி ஜப்லா ஆறு, முக்கோண நாப்கின் இரண்டு டஜன், மிச்சத்துக்குப் பழைய வேட்டி. பிறந்த அளவுச் சட்டைகளை அள்ளாதீர்கள், ஒரு மாதத்தில் சின்னதாகிவிடும். பத்தியச் சாமான், லேகியம், உங்களுக்கு நாப்கின் என்று 3,000. மீதி 6,000ஐத் தொடக் கூடாது. முதல் வாரத்தில் மஞ்சள் காமாலை ஏறிக் குழந்தையைத் திரும்பச் சேர்க்க வேண்டிவந்தால், மறுபடி சாப்பாடும் ஆட்டோவும் அதிலிருந்துதான். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகை 14,000 தவணை தவணையாக வருவது. வந்தால் அப்படியே நகைக்கடனுக்குக் கட்டுங்கள், பிரசவ வாரச் செலவுக்கு அதை நம்பாதீர்கள்.

அந்தத் தொப்புள்கொடிக்காரரின் நம்பரை பிளாக் செய்யுங்கள். 24 மாதத்தில் 60,000, இரண்டு தண்டலுக்குச் சமம். குழந்தைக்குப் பரம்பரை ரத்த நோய் இருந்தால் அதே கோளாறு அதன் தொப்புள்கொடி ரத்தத்திலும் இருக்கும், அதை வைத்து அதே குழந்தையைக் குணப்படுத்த முடியாது. நாளைக்கு உதவலாம் என்று காசு வாங்கித் தனியாரிடம் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே பரிந்துரைப்பதில்லை. பிறந்ததும் கொடியை நறுக்க ஒரு நிமிடமாவது பொறுத்தால் அந்த ரத்தம் குழந்தைக்கே போய்ச் சேரும், அது இலவசம். குழந்தை பெயரில் பாலிசி என்று அடுத்து ஒருவர் வருவார். அவரை, சங்கிலி திரும்பிய பிறகு வரச் சொல்லுங்கள். பெண் குழந்தையானால் செல்வமகள் கணக்கை 250 ரூபாயில் போஸ்ட் ஆபீஸில் தொடங்கலாம், பத்து வயது முடியும்வரை நேரமிருக்கிறது. தொட்டில் போடும் விழாவும் மண்டபத்தில் வேண்டாம், வீட்டிலேயே நடக்கட்டும், அதுவும் நூறாம் நாளுக்குப் பிறகு.

அறுபதாம் நாள் தண்டல்காரர் வருவார். "இது முடியட்டும்ணே, அப்புறம் பாக்கலாம்" என்று அன்றைய 300ஐக் கொடுத்து அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள், உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள். ஒருநாள் தவறி, வாசலில் கத்தினாலோ மிரட்டினாலோ பயப்பட வேண்டாம். 2003ஆம் வருடத்து அதிக வட்டித் தடைச் சட்டம் தண்டலைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது, அது அவருக்கும் தெரியும். நூறாம் நாள் கடைசி 300 கொடுக்கும்போது உங்கள் வீட்டுக்காரர் முதலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுப் பத்திரம், செக், ரேஷன் கார்டு, ஏ.டி.எம். கார்டு எது அவரிடம் இருந்தாலும் அந்த இடத்திலேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தடவையையும் சேர்த்து ஒன்பது தண்டல் போட்டிருக்கிறீர்கள், ஒன்பது பத்திரம் இருக்கலாம். எண்ணி வாங்குங்கள்.